பேசின் பிரிட்ஜில் நிற்கும் வண்டி

கடலை விதைச்சாச்சு, கை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு. போன ஐப்பசியிலிருந்தே மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தை இப்பவாவது எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். இந்தத் தடவை வயலைப் பத்தி இல்லை, ரயிலைப் பத்தி. ஆனா வயலில்தான் ஆரம்பிக்குது.

எங்க ஜோலார்பேட்டை பக்கம் யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, சென்னைக்கு ரயிலில் போய் வந்தவங்க ஒரே பாட்டைத்தான் பாடுவாங்க. "அரக்கோணம் வரைக்கும் பறந்தான்யா. பெரம்பூரும் தாண்டிட்டான். கடைசியில் பேசின் பிரிட்ஜில் கொண்டாந்து நிறுத்திட்டான்." சென்ட்ரல் இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். எல்லாரும் பையை எடுத்து, செருப்பைப் போட்டு, கதவுகிட்ட வந்து நின்னாச்சு. வண்டி மட்டும் நகராது.

எனக்கு இந்த இடம் சின்ன வயசிலேயே பழக்கம். எங்கப்பா புளி மூட்டையோட கொத்தவால் சாவடிக்குப் போகும்போது என்னையும் ரெண்டு மூணு தடவை கூட்டிட்டுப் போயிருக்கார். எட்டு வயசு இருக்கும். ராத்திரி வண்டியில் மூட்டைமேலயே தூங்கிப் போயிருப்பேன். கால்வாய் நாத்தம் ஜன்னல் வழியா வந்ததும் தட்டி எழுப்புவார். "எழுந்திரு, பேசின் பிரிட்ஜ் வந்துடுச்சு. மூட்டையைப் பாரு." மின்சார நிலையத்துப் புகைபோக்கியைக் காட்டி, "இங்கேருந்துதான் பட்டணத்துக்கு விளக்கு எரியுது"ன்னு சொல்வார். நம்ம ஊரில் அப்போ பாதி வீட்டில் விளக்கே கிடையாது.

அந்தப் பேசின் பிரிட்ஜில் போன ஐப்பசியில் மறுபடி நின்னேன். கூட எங்க வயலில் வேலை செய்யற பீகார் தம்பி இருந்தான்.

மூணு வருஷமா நம்மகிட்ட இருக்கான். தென்னைக்கு உரம் வைக்கறது, வாய்க்கால் வெட்டறது, நடவு எல்லாம் கத்துக்கிட்டான். தமிழும் நல்லாப் பேசுவான். தீபாவளி முடிஞ்ச ஆறாம் நாள் அவங்க ஊரில் சட் பூஜை. சூரியனுக்கு விரதம் இருக்கிற பண்டிகை. அவங்கம்மா வருஷா வருஷம் விரதம் இருக்காங்களாம். ரெண்டு வருஷமா இவன் போகலை. இந்த வருஷம் போயே ஆகணும்னு ஆவணியிலேயே சொன்னான். நான்தான், "நடவு எப்போ முடியும்னு தெரியலையேப்பா, இரு, பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போட்டேன். நடவு முடிஞ்சது. டிக்கெட் இல்லை. தட்கல் போடப் போனோம். மணி 11 ஆகி ஒரு நிமிஷத்துக்குள்ள காத்திருப்புப் பட்டியல் வந்துடுச்சு. கடைசியில் முன்பதிவில்லாத டிக்கெட். வண்டி கிளம்புற இடத்திலேயே ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும்னு, நானும் அவனோட சென்னைக்குக் கிளம்பினேன். தப்பு என்னோடதாச்சே, கூடப் போகாம எப்படி?

வழக்கம்போல பேசின் பிரிட்ஜில் வண்டி நின்னுது. தம்பி ஜன்னல் பக்கம் இருந்தான். திடீர்னு எழுந்து, "அண்ணா, அதோ எங்க வண்டி!"ன்னான். பார்த்தால், பக்கத்து யார்டில் ஒரு நீள வண்டி. பெட்டியெல்லாம் தண்ணி சொட்டிக்கிட்டு நிக்குது. ஆளுங்க குழாய் பிடிச்சுக் கழுவிக்கிட்டிருக்காங்க. பக்கவாட்டுப் பலகையில் அவங்க ஊர்ப் பக்கத்து ஸ்டேஷன் பேர். "இங்கேயே குதிச்சு ஏறிடவா அண்ணா? இடம் பிடிச்சுடலாம்"னு கேட்டான். கையைப் பிடிச்சு உட்கார வைச்சேன். தண்டவாளத்தில் இறங்கறது குத்தம், உயிருக்கும் ஆபத்து.

அந்த இருபது நிமிஷம் அவன் கண்ணை அந்த வண்டியை விட்டு எடுக்கலை. எனக்கும் அப்பத்தான் தோணுச்சு: இத்தனை வருஷமா இங்கே நின்னு நின்னு போயிருக்கோமே, இது ஏன் இப்படி நிக்குது, இந்த இடம் என்னதான்னு ஒரு நாளாவது யோசிச்சோமா? ஊருக்கு வந்து படிச்சேன், தெரிஞ்சவங்களைக் கேட்டேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

படகு நின்ற இடம்

பேசின் பிரிட்ஜில் ரயில் வர்றதுக்கு முன்னாடி படகு நின்னுது. 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினார். அதுக்குக் காக்ரேன் கால்வாய்னே பேர். படகுகள் வந்து நின்னு சரக்கு இறக்க அகலமா ஒரு குளம் மாதிரி இருந்த இடம்தான் 'பேசின்'. அதைக் கடக்கிற பாலம் பேசின் பிரிட்ஜ். எண்ணூர் பக்கத்து உப்பளத்து உப்பும், பழவேற்காடு பக்கத்துச் சவுக்கு விறகும் இந்தக் கால்வாய் வழியாத்தான் பட்டணத்துக்கு வந்தது. சென்ட்ரலை ஒட்டி இருக்கிற சால்ட் கொட்டார்ஸ் என்ற இடத்தின் பேரும் உப்புக் கொட்டாரம்தான்.

கால்வாய் பிறகு வடக்கே ஆந்திரா வரைக்கும், தெற்கேயும் நீண்டது. 1876 முதல் 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். நம்ம பாட்டன் பூட்டன் காலத்துப் பஞ்சம். அப்போ கூலிக்கு ஆள் எடுத்து, கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவில் இருந்த பகுதியை வெட்டினாங்க. மழை பொய்த்து நிலத்தை விட்டு வந்தவங்க கையால் வெட்டின கால்வாய் அது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபு பேரை அதுக்கு வெச்சாங்க. வெட்டினவங்க பேர் எங்கேயும் இல்லை.

ராயபுரத்திலிருந்து சென்ட்ரலுக்கு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையும் இதே வட்டாரத்தில்தான் பிறந்தது. 1856 ஜூன் 28-ம் தேதி ராயபுரம் ஸ்டேஷனை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும், ஏறக்குறைய 100 கிலோமீட்டர், பயணிகள் வண்டி ஓடியது. ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அடுத்த சில வருஷத்தில் பாதை எங்க பக்கத்தைத் தாண்டி, 1862-க்குள் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரைக்கும் போய்விட்டது. 1871-ல் வடமேற்குப் பாதை ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு சேர்ந்தது. அன்னிக்குத்தான் மதராஸும் பம்பாயும் ஒரே இரும்புக் கயிற்றில் கட்டப்பட்டன.

துறைமுகத்தை ஒட்டி ராயபுரம் இருந்தது சரக்குக்கு வசதி. ஊர் தெற்கேயும் மேற்கேயும் வளர்ந்ததால் 1873-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது. முதலில் அது இரண்டாவது ஸ்டேஷன்தான். 1907 வாக்கில் நிலைமை தலைகீழா மாறி, சென்ட்ரல் முக்கிய நிலையமானது. ராயபுரத்தின் மவுசு போச்சு. அந்தப் பழைய கட்டடம் மட்டும் இன்னிக்கும் நிக்குது. நாட்டில் மிச்சமிருக்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான்.

இந்த மாற்றத்தில்தான் நம்ம பேசின் பிரிட்ஜ் தாமதத்தின் வேர் இருக்கு. மேற்கே அரக்கோணத்திலிருந்து வர்ற பாதையும், வடக்கே கூடூரிலிருந்து வர்ற பாதையும் பேசின் பிரிட்ஜில் சேருது. அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் ஒரு கழுத்து மாதிரி. கழுத்துக்கு அப்பால் சென்ட்ரல். சென்ட்ரலில் பாதை முடிஞ்சு போகுது, அங்கிருந்து நேராப் போக வழி கிடையாது. வந்த வண்டி பயணிகளை இறக்கிட்டு, வந்த வழியே வெறும் பெட்டியாப் பின்னாடி போய் யார்டில் நிக்கணும். கிளம்பப் போற வண்டி யார்டிலிருந்து அதே கழுத்து வழியா நடைமேடைக்கு வரணும். ஆக, ஒரு வண்டிக்குக் கழுத்தில் நாலு தடவை வழி வேணும். நீண்ட தூர வண்டிகளுக்கு இருக்கிறது 12 நடைமேடை. ஒண்ணு காலியானால்தான் இன்னொண்ணு உள்ளே வர முடியும்.

நம்ம ஊர்க் களத்தை நினைச்சுக்குங்க. களத்துக்குள்ள வர ஒரே வண்டிப்பாதை. உள்ளே போன மாட்டு வண்டி இறக்கிட்டு வெளியே வந்தால்தான் அடுத்த வண்டி உள்ளே போகும். வாசலில் நிக்கிறவன் உள்ளே இருக்கிறவனைத் திட்டுவான். உள்ளே இருக்கிறவனுக்கு அவன் அவசரம். அவ்வளவுதான் விஷயம்.

யார்டில் என்ன நடக்குது

நாம ஜன்னல் வழியா வெறும் பெட்டிகள்னு பார்க்கிற யார்டுதான் நீண்ட தூர வண்டிக்கு வீடு. வந்த வண்டியைப் பள்ளம் வெட்டின தண்டவாளத்தில் நிறுத்தறாங்க. 'பிட் லைன்'னு சொல்றாங்க. ஆள் அடியில் இறங்கி நின்னு சக்கரம், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் பார்க்கலாம். மேலே வேற ஆளுங்க விளக்கு, விசிறி, சார்ஜிங் பிளக் பார்க்கறாங்க. கக்கூஸ் கழுவறாங்க. தண்ணித் தொட்டி நிரப்பறாங்க. குளிர்சாதனப் பெட்டிக்குப் போர்வை, விரிப்பு, தலையணை உறை ஏத்தறாங்க. அதுக்குன்னு பேசின் பிரிட்ஜிலேயே இயந்திரச் சலவைக்கூடம் இருக்கு.

இதுக்கெல்லாம் சில மணி நேரம் வேணும். வண்டி தாமதமா வந்தால் இந்த நேரம் சுருங்கும். நேரம் சுருங்கினால் கிளம்பறதும் தாமதமாகும். டில்லியிலிருந்தோ ஹவுராவிலிருந்தோ நேத்து வந்த வண்டிதான் இன்னிக்கு வேற நம்பரில் திரும்பிப் போகுது. அதனால் உங்க வண்டி நேரத்துக்குக் கிளம்புமான்னு தெரியணும்னா, அதோட ஜோடி வண்டி எப்போ சென்ட்ரலுக்கு வந்துதுன்னு பாருங்க. இது நான் தம்பியை அனுப்பின அன்னிக்குக் கத்துக்கிட்ட பாடம்.

1917-ல் இதே வழியாக வந்த ஒரு பயணி

1917 செப்டம்பர் 12-ம் தேதி பம்பாயில் ஒருத்தர் மதராஸுக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தார். விலை 13 ரூபாய் 9 அணா. ராய்ச்சூர், அரக்கோணம் வழியா மதராஸ் சென்ட்ரலுக்கு வர்ற வண்டி. பேசின் பிரிட்ஜைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. அந்தப் பயணி காந்தி.

தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி ரெண்டரை வருஷம் ஆகியிருந்தது. அதில் கால்வாசிக்கு மேலே மூன்றாம் வகுப்பு ரயிலிலேயே கழிச்சிருக்கார், தானா விரும்பி. இந்தப் பயணம் முடிஞ்சு, அதே மாதம் 25-ம் தேதி ராஞ்சியில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்ன விவரத்தை என் வார்த்தையில் சொல்றேன்.

பெட்டியில் 22 பேர் உட்காரலாம்னு எழுதியிருந்தது. படுக்க இடமே கிடையாது. பயணமோ ரெண்டு ராத்திரி. புனா வரைக்கும் உள்ளே இருந்த தைரியசாலிங்க வெளியே இருந்தவங்களை ஏற விடலை. ராய்ச்சூர் தாண்டினதும் கூட்டம் தாங்க முடியாததாச்சு. ரயில்வே ஆளுங்க வந்தது இன்னும் நாலு பேரை உள்ளே தள்ளத்தான். ஒரு வியாபாரி, எனக்கு இது ரயிலில் அஞ்சாவது ராத்திரின்னு சொல்லிக் கத்திப் பார்த்தும் பலிக்கலை. வழி முழுக்கப் பெட்டியை ஒரு தடவைகூடப் பெருக்கலை. கக்கூஸைக் கழுவலை, அதில் தண்ணியும் இல்லை. இதே வழியில் முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல அஞ்சு மடங்குக்கு மேல. அந்தக் கணக்குப்படி அஞ்சில் ஒரு பங்கு வசதியாவது ஏழைக்குக் கிடைக்குதான்னு கேட்டார். மூன்றாம் வகுப்புக்காரன் காசில்தான் மேல் வகுப்புச் சொகுசு நடக்குதுன்னும் எழுதினார். பயணிகளையும் விடலை. கண்ட இடத்தில் துப்பறது, அடுத்தவனை மதிக்காமல் இருக்கறது, இதையும் சேர்த்தே கண்டிச்சார்.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. தம்பி போன பயணமும் ரெண்டு ராத்திரிதான்.

மாறினது கொஞ்சமில்லை

ஆனா ஒண்ணும் மாறலைன்னு சொன்னா அது பொய். மாறியிருக்கு, நிறையவே. ஒவ்வொண்ணும் யாரோ கேட்டு, யாரோ காது கொடுத்து வந்ததுதான்.

பேசின் பிரிட்ஜிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்து வைத்த தொழிற்சாலை. சுவிட்சர்லாந்து கம்பெனி ஒண்ணோட தொழில்நுட்பத்தில் முழு இரும்புப் பெட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. நாடு முழுக்க அறுபது வருஷம் ஓடின நீலப் பெட்டி, பழுப்புப் பெட்டி எல்லாம் அந்த வடிவம்தான். 2018-ல் அந்த வடிவத்தை நிறுத்திட்டு, ஜெர்மன் வடிவமான எல்.எச்.பி. பெட்டிக்கு மாறினாங்க. விபத்து நடந்தால் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாத மாதிரி அதோட இணைப்பு இருக்கும். 2019-ல் ஓடத் தொடங்கின வந்தே பாரத்தும் பிறந்தது அங்கேதான்.

1974-ல் மூன்றாம் வகுப்புங்கற பேரை எடுத்தாங்க. அது இரண்டாம் வகுப்பாச்சு. எங்கப்பா கடைசி வரைக்கும் "மூணாங்கிளாஸ்"னுதான் சொன்னார். "பேரு மாறுச்சு, பலகை மாறலை"ன்னு சிரிப்பார். பலகையும் மாறுச்சு. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு மெத்தை போட வெச்சார். ஏழையின் முதுகும் முதுகுதானேன்னு நினைச்ச அமைச்சர். பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் நடுவில் முதல் வகுப்பே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸை விட்டதும் அவர் காலத்தில்தான். இன்னிக்கு ஸ்லீப்பரில் முதுகு வலிக்காமல் படுக்கிறவங்க அவரை ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

கக்கூஸும் மாறியிருக்கு. முன்னே எல்லாம் நேரா தண்டவாளத்தில் விழும். பாதையை ஒட்டி நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கு அந்தக் கொடுமை தெரியும். இப்போ பெட்டிக்கு அடியில் தொட்டி. அதில் பாக்டீரியாவை விட்டு, மலத்தைத் தண்ணியாவும் வாயுவாவும் மாத்தறாங்க. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வோட சேர்ந்து செஞ்ச முறை. நம்ம சாண எரிவாயுக் கலன் வேலை செய்யற அதே தத்துவம்தான், காற்றில்லாமல் மக்க வைக்கறது. சாணக் கலனில் பிளாஸ்டிக் பை விழுந்தால் என்ன ஆகும்? அதேதான் இதுக்கும். தண்ணி பாட்டிலையும் பாக்குப் பொட்டலத்தையும் அதுக்குள்ள போட்டால் அடைச்சுக்கும். பிறகு ரயில்வேயைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

காந்தி சொன்ன கணக்கும் இன்னிக்குத் திரும்பியிருக்கு. அன்னிக்கு மூன்றாம் வகுப்புக்காரன் மேல் வகுப்பைச் சுமந்தான். இன்னிக்குச் சரக்கு ரயில் பயணியைச் சுமக்குது. பயணச் செலவில் 57 சதவீதம்தான் டிக்கெட்டில் வசூலாகுதுன்னு சில வருஷம் டிக்கெட்டிலேயே அச்சடிச்சுக் கொடுத்தாங்க. மிச்சம் நிலக்கரி, சிமென்ட், உரம் ஏத்தற கூலியில் வருது. நம்ம உர மூட்டையும் அதில் ஒண்ணு. ஆக, விவசாயி ரெண்டு தடவை ரயிலுக்குக் காசு கொடுக்கறான்னு வெச்சுக்கலாம்.

இன்னிக்குப் பயணம் போறவங்க எதை எதிர்பார்க்கலாம்

நம்ம ஆளுங்க பல பேருக்கு விதிகள் மாறினது தெரியலை. எனக்கும் தெரியாமத்தான் தம்பி மாட்டிக்கிட்டான். அதனால் சுருக்கமா எழுதறேன்.

முன்பதிவு முன்னே 120 நாள் முன்னாடி திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பண்டிகைக்கு ஊருக்குப் போறவங்க அந்த அறுபதாவது நாளைக் காலண்டரில் குறிச்சு வெச்சுக்கணும், விதைப்பு நாள் குறிக்கிற மாதிரி. தட்கல் முந்தின நாள் திறக்கும். குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மத்ததுக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பு இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. அதை முன்னாடியே செஞ்சு வெச்சுக்கணும். கடைசி நிமிஷத்தில் ஓ.டி.பி. தேடினால் இடம் போயிடும்.

முன்பதிவுப் பட்டியல் முன்னே 4 மணி நேரத்துக்கு முன்னாடிதான் வரும். 2025-ல் அதை மாத்தி இன்னும் முன்னாடியே போட ஆரம்பிச்சாங்க. கிராமத்திலிருந்து கிளம்பறவங்களுக்கு இது நல்லது. இடம் கிடைச்சுதா இல்லையான்னு வீட்டிலேயே தெரிஞ்சுடும். ஆனா காத்திருப்பு டிக்கெட்டோட ஸ்லீப்பரில் ஏறி ஒரு ஓரமாப் போயிடலாம்னு இப்போ நினைக்காதீங்க. இறக்கி விடுவாங்க, அபராதமும் உண்டு.

முன்பதிவில்லாத டிக்கெட் 200 கிலோமீட்டருக்கு மேலே போறதா இருந்தால் 3 நாள் முன்னாடியே எடுத்துக்கலாம். அன்னிக்கு வரிசையில் நிக்கிற நேரம் மிச்சம். எல்.எச்.பி. பொதுப் பெட்டியில் 100 பேர் உட்காரலாம். 2024-ல் பொதுப் பெட்டிகளைக் கூட்டப் போறதா ரயில்வே அறிவிச்சது. பல வண்டியில் இப்போ நாலு பெட்டி இருக்கு. பண்டிகை நாளில் அந்த நாலும் பத்தாது.

கட்டணம் 2025 ஜூலையில் ஏறிச்சு. விரைவு வண்டியில் குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசா, குளிர்சாதனப் பெட்டிக்கு 2 பைசா. பெரிய ஏற்றம்னு சொல்ல முடியாது. எனக்கு வலிக்கிறது வேற. மூத்த குடிமக்களுக்கு ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம்னு சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் நிறுத்தினாங்க. அது திரும்ப வரவே இல்லை. எனக்கு அறுபது ஆகும்போது சலுகை இல்லை. அதோட இன்னொண்ணும் போச்சு, நிறைய பேருக்கு அது இருந்ததே தெரியாது. விவசாயக் கண்காட்சி பார்க்கப் போற விவசாயிக்கு 25 சதவீதம், தேசிய அளவிலான நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போற விவசாயிக்கும் பால் உற்பத்தியாளருக்கும் 50 சதவீதம்னு சலுகை இருந்தது. நம்ம சங்கத்திலிருந்து யாராவது அதைப் பயன்படுத்தினோமா? இல்லை. கேட்காததால் அது போனபோது அழுவதற்கும் ஆளில்லை.

வண்டிக்குள்ள தண்ணி இல்லை, விளக்கு எரியலை, கக்கூஸ் கழுவலைன்னா 139-க்குப் போன் பண்ணுங்க. காந்தி கட்டுரை எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது. நமக்கு மூணு எண் போதும். பி.என்.ஆர். எண், இல்லைன்னா முன்பதிவில்லாத டிக்கெட் எண் கையில் இருக்கணும்.

தம்பி போன கதை

சென்ட்ரலில் இறங்கி, அவசரமா நடைமேடைக்குப் போனோம். பொதுப் பெட்டிக்கு எதிரே போலீஸ்காரங்க ஆளுங்களை வரிசையா உட்கார வெச்சிருந்தாங்க. முந்நூறு பேருக்குக் குறையாது. எல்லாரும் வாலிபப் பசங்க. ஒரு பை, ஒரு வாளி, சில பேர் கையில் புது ஃபேன் பெட்டி. வாளி எதுக்குன்னு தம்பியைக் கேட்டேன். "உட்கார இடம் இல்லைன்னா கவிழ்த்துப் போட்டு உட்காரலாம் அண்ணா. ஊருக்குப் போனதும் அம்மாவுக்குக் கொடுத்துடலாம்"னான்.

கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி வந்தது. யார்டில் கழுவின ஈரம் இன்னும் காயலை. பொதுப் பெட்டி, ஸ்லீப்பர், குளிர்சாதனம் எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு இருந்தது. பேசின் பிரிட்ஜில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே தண்ணியைத்தான் பீச்சறாங்க. அங்கே வித்தியாசம் பார்க்கலை. கதவு திறந்ததும் வரிசை பத்து எண்ணறதுக்குள்ள உடைஞ்சுது. தம்பி எப்படியோ உள்ளே போயிட்டான். ஜன்னல் கம்பி வழியா ஒரு கை வந்தது. அவன்தான். உட்கார இடம் கிடைச்சிருந்தது. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தையும் ரெண்டு தண்ணி பாட்டிலையும் கையில் திணிச்சேன். "நடவு நல்லா வந்துச்சுல்ல அண்ணா, மடையை மட்டும் பார்த்துக்குங்க"ன்னு சொன்னான். அந்த நெரிசலிலும் அவனுக்கு என் வயல் ஞாபகம்.

மூணாம் நாள் போன் வந்தது. போய்ச் சேர்ந்துட்டான், அம்மா விரதத்துக்கு முன்னாடியே. எப்படிப்பா இருந்துச்சுன்னு கேட்டேன். "உட்கார்ந்துதான் போனேன் அண்ணா. எழுந்தா இடம் போயிடும்னு ரெண்டு நாளும் தண்ணி அதிகம் குடிக்கலை"ன்னு சாதாரணமாச் சொன்னான்.

நான் கொடுத்த ரெண்டு பாட்டிலில் ஒண்ணை அப்படியே ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கான்.

எஞ்சின் மாறியிருக்கு, பெட்டி மாறியிருக்கு, கக்கூஸில் தண்ணி இருக்கு. ஆனா கக்கூஸுக்குப் போக எழுந்தால் திரும்ப உட்கார இடம் இருக்குமான்னு பயந்துகிட்டே ரெண்டு ராத்திரி ஒருத்தன் போறான்னா, அந்த 1917 வண்டி இன்னும் முழுசா சென்ட்ரலுக்கு வந்து சேரலைன்னுதான் எனக்குப் படுது. பேசின் பிரிட்ஜிலேயே எங்கேயோ நின்னுக்கிட்டிருக்கு.

ரயில்வே செய்ய வேண்டியதை ரயில்வே செய்யட்டும், நாமும் கேட்போம். என் பங்குக்கு நான் ஒண்ணு செஞ்சிருக்கேன். காலண்டரில் இந்த வருஷத்துச் சட் பூஜைக்குத் தம்பி கிளம்பற நாளிலிருந்து அறுபது நாள் பின்னாடி எண்ணி, சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு வெச்சிருக்கேன். அன்னிக்குக் காலையில் நடவா இருந்தாலும் சரி, நாத்து விடறதா இருந்தாலும் சரி, முதல் வேலை தம்பிக்கு டிக்கெட். உங்க வயலிலும் வடக்கேயிருந்து வந்த பிள்ளைங்க யாராவது வேலை செய்யறாங்கன்னா, அவங்க எப்போ ஊருக்குப் போகணும்னு இன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்குங்க.